புதுப்பிப்பு: பழைய டிரக்கில் தீயணைப்பான் மாட்டியாச்சு

என் பழைய பிக்கப் டிரக்குக்கு எந்தத் தீயணைப்பான், எங்கே மாட்டுவது என்று முன்பு கேட்டிருந்தேன். கடைசியில் ஹாலோட்ரான் வாங்கினேன்; தூளுக்குப் பதில், அடித்ததும் வாயுவாகும் திரவம் உள்ள தீயணைப்பான் அது. வழக்கமான உலர் தூள் வகையான ஏபிசி பவுடர் தீயை நன்றாகவே அணைக்கும். ஆனால் மிஞ்சும் தூள் ஈரம் பட்டால் அலுமினியத்தையும் வயரிங் இணைப்புகளையும் அரிக்கும். ஹாலோட்ரான் ஆவியாகிவிடும். காற்றில் அதன் வலு குறைவதால் பானெட்டை முழுக்கத் திறக்காமல் இடுக்கு வழியாக அடிக்க வேண்டும்.

இடம்தான் நிறைய யோசிக்க வைத்தது. சீட்டுக்குப் பின்னால் பெட்ரோல் டேங்க்; தீ அங்கேயே பிடித்தால் கை போகாது. அதனால் ஓட்டுநர் சீட்டின் முன்விளிம்புக்குக் கீழே, பெல்ட் போட்டபடியே எட்டும்படி வைத்தேன். பிளாஸ்டிக் பிராக்கெட் வேண்டவே வேண்டாம், மோதினால் சிலிண்டர் பறக்கும். இரும்பு பிராக்கெட், அடியில் பெரிய வாஷருடன் போல்ட். அப்புறம், துளை போடும் முன் கீழே பிரேக் பைப் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.