சூடத்தில் கிராஃபீன் வளர்த்தவர்கள் இருக்கிறீர்களா?

காலாப்பட்டுக்காரி:
போன வருடம் நடந்தது, இன்னும் மனதை அரிக்கிறது. எம்.எஸ்சி. ப்ராஜெக்ட், புதுச்சேரி. கிராஃபீன், அதாவது ஓர் அணு தடிமனுள்ள கார்பன் படலம் வளர்க்க வேண்டும். கார்பனுக்கு மீத்தேன் சிலிண்டர் வாங்க வழியில்லை, அதனால் நாட்டு மருந்துக் கடைச் சூடம். ஆர்கான், கொஞ்சம் ஹைட்ரஜன், 25 மைக்ரான் காப்பர் ஃபாயில், 1000 டிகிரி. சூடத்தின் ஆவி சூட்டில் உடைந்து, அதன் கார்பன் செம்பின் மேல் படலமாகப் படியும்; மற்றது உங்களுக்கே தெரியும்.

படலத்தைத் தாங்கும் பிஎம்எம்ஏ பிளாஸ்டிக்கைப் பூசாமலே ஃபாயிலை ஃபெரிக் குளோரைடில் மிதக்கவிட்டேன். காலையில் செம்பு முழுக்கக் கரைந்திருந்தது. மெல்ல அள்ளி வடிநீருக்கு மாற்றினேன். மேலே நகத்தளவு ஒரு படலம். நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை; ஜன்னல் பக்கம் குனிந்தால் மட்டும் ஓரம் மினுங்கியது. படலத்தை ஏந்த வேண்டிய சிலிக்கான் துண்டை எடுக்கத் திரும்பினேன். புழுக்கம் தாங்காமல் யாரோ ஃபேனைப் போட்டார்கள். படலம் ஒரு பக்கமாக ஒதுங்கி, பாலாடை மாதிரி சுருண்டு, கிண்ணத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டது. ஓர் அடுக்கு 2.3 சதவீத வெளிச்சத்தைத்தான் உறிஞ்சும் என்பார்கள். என்னுடையதில் எத்தனை அடுக்கு இருந்தது என்பது கடைசிவரை தெரியவே இல்லை.

முதுநகர் அண்ணன்:
வருத்தம் புரிகிறது தங்கச்சி. ஆனால் கடைச் சூடத்தை ‘இயற்கை மூலம்’ என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடாதே. இன்று விற்கும் சூடத்தில் பெரும்பகுதி கற்பூர மரத்திலிருந்து வருவதில்லை. பைன் மர டர்பன்டைனில் உள்ள ஆல்ஃபா பைனீனை எடுத்து ஆலையில் செய்வது.

எனக்கு நடந்தது வேறு. கடலூரில் ஒரு லேப். சூடம் இருந்த பக்கம் சூட்டை ஒரேயடியாக ஏற்றிவிட்டேன். ஆவி போய் டியூபின் குளிர்ந்த முனையில் மறுபடி உறைந்து, வெள்ளை வெளேரென்று அடைத்துக்கொண்டது. வாயு வெளியேறும் முனையில் இருந்த பப்ளரில் குமிழ் நின்றுபோனது. உள்ளே ஹைட்ரஜன் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் வால்வைத் திருகுவதற்குள் மூடி ‘டப்’ என்று கழன்றது. இப்போதும் குமிழ்ச் சத்தம் நின்றால் கை தானாக வால்வுக்குப் போகிறது.

காலாப்பட்டுக்காரி:
பைனும் மரம்தானே அண்ணா? எந்த வழியில் வந்தாலும் சி10எச்16ஓ ஒன்றுதான்.

நிக்கல் பக்கம்:
நான் நிக்கலில் வளர்த்தேன். தடித்த கறுப்பு கிராஃபைட்தான் வந்தது. 2006இலேயே ஜப்பானில் சோமானி, உமேனோ குழுவினர் நிக்கல் மேல் சூடத்தை வைத்துப் பல அடுக்குப் படலம் எடுத்தார்கள். நிக்கல் சூட்டில் கார்பனைக் கரைத்து உள்ளே வாங்கிக்கொண்டு, ஆறும்போது வெளியே தள்ளும். அதனால் ஆறும் வேகம்தான் தடிமனைத் தீர்மானிக்கும். செம்பில் கார்பன் அவ்வளவாகக் கரையாது, எனவே தங்கை செம்பை எடுத்தது சரி. ஆனால் பிஎம்எம்ஏ பூசாதது பெரிய தவறு. அது இருந்திருந்தால் ஃபேன் காற்று இப்படிச் சுருட்டியிருக்காது. சிலிக்கானுக்கு மாற்றியபின் அசிட்டோனில் கழுவிவிடலாம். நம் ஊர் உப்புக்காற்றில் செம்பு சீக்கிரம் கறுத்துவிடும், முதலில் அசிட்டிக் அமிலத்தில் முக்கி எடுங்கள். ஃபாயிலின் அடிப்பக்கத்திலும் படலம் வளரும், அதை உரசி எடுத்தபிறகே கரையவிடுங்கள். வடிநீரை மூன்று நான்கு முறை மாற்றுங்கள், இல்லாவிட்டால் இரும்பு மிச்சம் தங்கும். சூடத்தைக் கொஞ்சமாக வையுங்கள். அப்புறம் ராமனில் (லேசர் ஒளிச் சிதறல் சோதனை) 2700 செ.மீ.⁻¹ உச்சம் 1580ஐவிட உயரமாக நிற்கிறதா பாருங்கள், அது ஓர் அடுக்குக்கு அடையாளம். 1350இல் பெரிதாக எழுந்தால் படலத்தில் குறை அதிகம்.