செங்குத்து விசை (தளம் தன் பரப்புக்குச் செங்குத்தாகப் பொருளைத் தள்ளும் விசை) என்றால் எடைதானே என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டா?

உராய்வுக் கணக்கில் நான் அதிக நாள் தடுமாறியது ஒரே இடத்தில்தான். கிடைத்தளத்தில் பெட்டி சறுக்கினால், உராய்வுக் குணகத்தை (உராய்வு விசை செங்குத்து விசையில் எத்தனை பங்கு என்று சொல்லும் எண்) எடையால் பெருக்கி உராய்வு விசையை எழுதிவிடுவேன். விடையும் சரியாகவே வந்ததால் சந்தேகமே எழவில்லை. அப்புறம் சாய்தளம் வந்தது. 30 டிகிரி சாய்வு, 5 கிலோ கட்டை, இயக்க உராய்வுக் குணகம், அதாவது சறுக்கும்போது உள்ள குணகம், 0.2. எடை 49 நியூட்டன், எனவே உராய்வு 9.8 என்று போட்டேன். முடுக்கம் 2.94 வந்தது. விடைப் பக்கத்தில் 3.2 என்று இருந்தது. அச்சுப்பிழை என்றே முடிவு கட்டிவிட்டேன்.

ஆசிரியர் என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "தளம் கட்டையை எந்தப் பக்கம் தள்ளுகிறது, ஒரு அம்பு போடு" என்றார். நேர் மேலே போட்டேன். அவர் அதை அழித்து, தளத்துக்குச் செங்குத்தாகச் சாய்த்துப் போட்டார். அந்த ஒரு அம்பில் எல்லாம் விளங்கியது. எடையில் தளத்தை அழுத்துவது 49 × கோசைன் 30, அதாவது 42.4 நியூட்டன்தான். உராய்வு 8.5. சரிவின் வழியே கீழே இழுப்பது 24.5. மீதி 16 நியூட்டனை 5-ஆல் வகுத்தால் 3.2. இன்றைக்கும் படம் வரையாமல் கணக்கைத் தொடுவதில்லை.

*

எனக்குக் கிடைத்தளத்திலேயே இது நடந்தது! 20 கிலோ பெட்டி, குணகம் 0.3, கயிற்றை 30 டிகிரி மேல்நோக்கிப் பிடித்து 100 நியூட்டன் விசையால் இழுக்கும் கணக்கு. தரை சமம்தானே என்று 196-ஐ அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆனால் கயிறு 50 நியூட்டன் அளவுக்குப் பெட்டியைத் தூக்குகிறது. செங்குத்து விசை 146, உராய்வு 43.8. அதே விசையைக் கம்பால் அதே கோணத்தில் கீழ்நோக்கிக் கொடுத்துத் தள்ளினால் செங்குத்து விசை 246 ஆகிவிடும், உராய்வு 73.8. கனமான பெட்டியைத் தள்ளுவதைவிட இழுப்பது ஏன் எளிது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

*

என் மகளோடு உராய்வுக் குணகத்தை அளந்தே பார்த்தேன். ஒரு பலகை, மரக்கட்டை, கோணமானி, அவ்வளவுதான். பலகையை மெல்ல உயர்த்தினோம். 22 டிகிரி வரை கட்டை அசையவில்லை, பிறகு சட்டென்று வேகமெடுத்து ஓடியது. அது ஓய்வுநிலை உராய்வின் எல்லை. இயக்க உராய்வுக்கு வேறு வழி: சாய்வைக் குறைத்து, ஒவ்வொரு கோணத்திலும் கட்டையை விரலால் லேசாகத் தட்டிவிட வேண்டும். அதிகச் சாய்வில் வேகம் கூடிக்கொண்டே போகிறது, குறைந்த சாய்வில் பாதியில் நின்றுவிடுகிறது. 17 டிகிரியில் ஒரே வேகத்தில் வழுக்கிக்கொண்டு போனது. ஒரே வேகம் என்றால் சரிவின் வழியே கீழே இழுக்கும் விசையும் உராய்வும் சமம்; அப்போது குணகம் கோணத்தின் டேன்ஜென்ட்தான். டேன்ஜென்ட் 17 என்பது 0.31. அதுதான் இயக்க உராய்வுக் குணகம். எடை போடவே தேவையில்லை, கோணம் மட்டும் போதும்.

"கட்டையை ஒருக்களித்து வைத்தால் உராய்வு குறையுமா அப்பா?" என்று கேட்டாள். குறுகிய பக்கத்தைக் கீழே வைத்தோம். எங்கள் கோணமானிக்குத் தெரிந்த அளவில் கோணம் மாறவில்லை. தொடும் பரப்பைப் பொறுத்து உராய்வு மாறாது என்று பிரான்ஸில் அமோந்தோன் என்ற இயற்பியலாளர் 1699-இலேயே சொல்லிவிட்டார் என்றேன். அவளோ நம்பாமல் இன்னும் நான்கு முறை தட்டிப் பார்த்தாள்.

*

இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாய்தளத்தில் கட்டையை மேல்நோக்கித் தள்ளிவிட்டால் உராய்வும் கீழ்நோக்கித்தான் இருக்கும். முதல் பதிவின் எண்களையே போட்டால், ஏறும்போது வேகம் குறைவது நொடிக்கு நொடி 6.6 மீட்டர், இறங்கும்போது கூடுவது 3.2 மட்டுமே. இரண்டுக்கும் ஒரே முடுக்கத்தைப் போட்டு ஒரு தேர்வில் முழு மதிப்பெண்ணையும் இழந்திருக்கிறேன்.