துர்சுன் என்ற பெயருக்கு என்ன அர்த்தம்?

கொத்தனார்மகன்:
எங்கள் சைட்டுக்குப் புதிதாக ஒரு துருக்கி ஃபோர்மேன் வந்திருக்கிறார். பெயர் துர்சுன். அவர் பெயரைச் சொன்னாலே மற்ற துருக்கிக்காரர்கள் சிரிக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் "தெமெல், தெமெல்" என்று எதையோ சொல்லி இன்னும் சிரிக்கிறார்கள். மனிதர் கோபப்படுவதே இல்லை. ஏதாவது கெட்ட வார்த்தையா? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

ரிஸே மருமகள்:
கெட்ட வார்த்தையெல்லாம் இல்லை தம்பி. கருங்கடல் பக்கத்து ஆட்களை வைத்துச் சொல்லும் ஜோக்குகளில் தெமெல், துர்சுன் என்று இரண்டு கூட்டாளிகள் வருவார்கள். உங்கள் ஆள் ட்ராப்ஸோன், ரிஸே பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம், ஓட்டித் தள்ளிவிடுவார்கள்.

பெயர் விஷயம் வேறு. 'துர்' என்றால் நில், இரு. 'சுன்' சேர்ந்தால் 'இருக்கட்டும்'. இங்கே தேநீருக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கெண்டி வைப்பார்கள். நான் அதை அடுப்பிலிருந்து இறக்கப் போனால் மாமியார் "துர்சுன், துர்சுன்" என்பார். அதே சொல்தான் அவருடைய அண்ணனுக்குப் பெயர். அவருக்கு முன்னால் பிறந்த ஆண் குழந்தைகள் தங்கவில்லை. இதாவது தங்கட்டும் என்று வைத்தது. இதே ஜாதியில் துர்முஷ் (நின்றுவிட்டான்), யஷார் (வாழ்கிறான்) எல்லாம் உண்டு.

பழைய பெயர்தான். 1453இல் கான்ஸ்டான்டிநோப்பிளைப் பிடித்த சுல்தான் இரண்டாம் மெஹ்மத்தின் வரலாற்றை எழுதியவரே ஒரு துர்சுன் பே ('பே' என்பது பெயருக்குப் பின்னால் வரும் மரியாதைச் சொல்). ஆனால் என் மகனுக்கு வைக்கலாமா என்று கேட்டதற்கு வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். ஸ்கூலில் "தெமெல் எங்கேடா" என்று கேட்டே பையனைக் கொன்றுவிடுவார்களாம்.

சமர்கந்து எம்பிபிஎஸ்:
உஸ்பெக்கிலும் இருக்கிறது அக்கா. முதல் எழுத்தை அழுத்திச் சொல்வார்கள், தமிழில் எழுதினால் வித்தியாசம் தெரியாது. என் வகுப்பிலேயே இரண்டு துர்சுனோவ். பெண்களுக்கு துர்சுனாய். பக்கத்து தஜிகிஸ்தானில் பேசுவது பாரசீக மொழி, ஆனாலும் அவர்களுடைய பெரிய கவிஞர் மிர்சோ துர்சுன்சோதா. அந்த நாட்டுப் பணமான சொமோனியில், ஒரு சொமோனி நோட்டில் அவர் படம்தான்.

பிச்சைபேரன்:
எங்கள் பக்கம் பிறந்ததெல்லாம் போய்க்கொண்டிருந்தால் அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்குவார்கள். எங்கள் தாத்தா பெயர் பிச்சை வந்ததும் அப்படித்தான். அங்கே விற்கிற வழக்கம் இல்லையா?

ரிஸே மருமகள்:
இல்லாமல் என்ன? சத்தில்மிஷ் என்றே பெயர் இருக்கிறது, 'விற்கப்பட்டவன்'. ஒரு மகானின் அடக்கத்தலத்துக்கு நேர்ந்து, பிள்ளையை அவருக்கு 'விற்றுவிடுவார்கள்'. இனி அது நம் பிள்ளை இல்லை, அதனால் கண்ணும் படாது. வரிசையாகப் பெண்ணாகவே பிறந்தால் கடைசிக்கு யெதெர், அதாவது 'போதும்'. நம் ஊர்ப் போதும்பொண்ணுகளைத் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டுமா?

கொத்தனார்மகன்:
நன்றி அக்கா. அப்போ அவரை எப்படிக் கூப்பிடுவது? மிஸ்டர் துர்சுன் என்றால் முழிக்கிறார்.

ரிஸே மருமகள்:
துர்சுன் உஸ்தா என்று கூப்பிடுங்கள். உஸ்தா என்றால் மேஸ்திரி, தொழிலில் கைதேர்ந்தவர். நன்றாகப் பழகிய பிறகு 'அபி' என்று அண்ணன் முறை வைக்கலாம். தெமெல் ஜோக்கை மட்டும் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள், அவரே சொல்வார்.