தயிர்ச் சட்டியும் அப்பாவின் கொலஸ்ட்ரோல் ரிப்போட்டும்

உவர்மலை மகள்:

அப்பாவுக்கு எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரோல் 168 என்று ரிப்போட் வந்த கிழமை, வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் வைத்தியர்களாகி விட்டார்கள். பூண்டு, வெந்தயம், கறிவேப்பிலை என்று ஆளுக்கொன்று. பெரியப்பாதான் அப்பாவின் மனமறிந்து பேசினார்: “தயிரில இருக்கிற பக்டீரியா கொழுப்பைத் தின்னுமாம். பிறகென்ன குளிசை?”

அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. கிண்ணியாவில் வழக்கமாகத் தயிர் வாங்கும் நானாவிடமே போய்க் கேட்டுவிட்டார். அவர் சிரித்தார். “சேர், கொழுப்புக் குறைய எண்டு என்னட்ட ஒருத்தரும் தயிர் வாங்கினதில்ல. ருசிக்குத்தான் வாங்குறாங்க.” சொல்லிக்கொண்டே பெரிய சட்டியைத்தான் கட்டித் தந்தார்.

நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறவள். அதனால் கேள்வி கடைசியில் என் தலையில் விழுந்தது. தேடி வாசித்ததில் பெரியப்பாவின் கதை முழுப் பொய்யில்லை. ஆனால் ‘தின்னும்’ என்பது அதில் சின்னப் பகுதிதான்.

ஈரல் கொலஸ்ட்ரோலைக் கொண்டுதான் பித்த அமிலங்களைச் செய்கிறது. எண்ணெய்ச் சட்டியைச் சவர்க்காரம் கழுவுவது போல, அவை சாப்பாட்டுக் கொழுப்பைச் சிறு துளிகளாக உடைத்துக் கொடுக்கும். வேலை முடிந்ததும் ஏறக்குறைய 95 சதவீதம் சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்பட்டு ஈரலுக்கே திரும்பிவிடும். சரியான சிக்கனம்! இதில்தான் பக்டீரியா குறுக்கே வருகிறது. பித்த அமிலங்கள் கிளைசின் அல்லது டோரின் என்ற சிறு மூலக்கூறோடு பிணைந்துதான் குடலுக்கு வருகின்றன. சில லாக்டோபசிலஸ், பிஃபிடோபக்டீரிய வகைகளிடம் அந்தப் பிணைப்பை அறுக்கும் நொதியம் இருக்கிறது. அறுபட்ட அமிலம் அவ்வளவாக உறிஞ்சப்படாமல் மலத்தோடு போய்விடும். போனதை ஈடுசெய்ய ஈரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ரோலை எடுக்க வேண்டிவரும். கொலெஸ்டிரமின் என்ற பழைய மருந்தும் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே தள்ளித்தான் வேலை செய்கிறது.

‘தின்னும்’ கதைக்கும் ஒரு மூலம் உண்டு. லாக்டோபசிலஸ் அசிடோபிலஸ் ஆய்வுகூட ஊடகத்திலிருந்து கொலஸ்ட்ரோலை உள்வாங்குவதை 1985இல் காட்டினார்கள். அதற்கும் முன்னால் 1974இல், ஆபிரிக்காவின் மாசாய் மக்கள் புளித்த பாலை ஏராளமாகக் குடித்தும் கொலஸ்ட்ரோல் குறைந்ததாக ஜோர்ஜ் மான் எழுதியிருந்தார். மாசாய்க்காரர் நடக்கிற நடையை எங்கள் அப்பா நடப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

எனக்குப் பிடித்த ஆய்வு 2012இல் வந்தது. லாக்டோபசிலஸ் ரியுட்டரியின் ஒரு குறிப்பிட்ட வகையை, என்.சி.ஐ.எம்.பி. 30242, கொலஸ்ட்ரோல் கூடியவர்களுக்கு 9 கிழமை கொடுத்துப் பார்த்தார்கள். வெற்றுக் குளிசை எடுத்தவர்களோடு ஒப்பிட, எல்.டி.எல். 11.6 சதவீதம் குறைந்தது. நல்ல குறைவுதான். ஆனால் கொலஸ்ட்ரோலுக்கு டொக்டர்கள் தருகிற ஸ்டாட்டின் குளிசை, நடுத்தர அளவில் எடுத்தாலே 30 முதல் 49 சதவீதம் வரை குறைக்கும்.

அப்பா இப்போது இரவில் குளிசை, மதியம் அளவாகத் தயிர். அடுத்த ரிப்போட்டில் எல்.டி.எல். இறங்கியிருந்தது. அந்தப் பெயர் முழுவதையும் பெரியப்பா தயிருக்கே கொடுத்துக்கொண்டு திரிகிறார்.

தம்பலகாமத்தான்:

அக்கா, எங்கள் வீட்டில் எருமைப் பட்டி உண்டு, அதனால் ஒன்று சொல்கிறேன். பாலை நன்றாகக் காய்ச்சி, ஆறவிட்டு, முதல்நாள் தயிரைக் கொஞ்சம் உறை விட்டுச் சட்டியில் ஊற்றுவோம். காய்ச்சும்போது பாலில் இருந்த பக்டீரியாக்களில் பெரும்பாலானவை செத்துவிடும். ஆகவே உறையில் என்ன இருந்ததோ அதுதான் சட்டியில் வளரும். பக்கத்துப் பட்டியின் தயிரும் எங்கள் தயிரும் ஒரே புளிப்பில்லை. ஆய்வில் கொடுத்த அதே வகை எங்கள் சட்டியில் இருக்கிறது என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. இன்னொன்று, எருமைப்பாலில் கொழுப்பு 7 சதவீதம் அளவில், பசுப்பாலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதற்கு மேலே கித்துள் பாணியையும் ஊற்றிவிட்டு மருந்து என்று சொன்னால், விற்கிற எனக்கே சிரிப்பு வருகிறது.

பார்மசி அனுபவம்:

நான் நகரில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறேன். போன மாதம் ஒரு ஐயா போனில் படத்தைக் காட்டி, “தம்பி, கொலஸ்ட்ரோலுக்கு நல்ல பக்டீரியாக் குளிசை தாரும்” என்றார். எங்களிடம் இருந்தது சக்கரோமைசிஸ் பௌலார்டி. அது பக்டீரியாவே இல்லை, மதுவம். வயிற்றோட்டத்துக்குத்தான் கேட்டு வாங்குவார்கள். வேறு போத்தல்களில் இத்தனை பில்லியன் என்று பெரிதாகப் போட்டிருக்கும், எந்த வகை என்ற எண்ணைத் தேடினால் இருக்காது. ஐயாவிடம் கதைத்துப் பார்த்தபோதுதான் வெளியே வந்தது, அவர் இதய அடைப்புக்குப் பிறகு தந்த ஸ்டாட்டினை நிறுத்திவிட்டு இதைத் தேடி வந்திருக்கிறார். ஒன்றும் விற்காமல், அடுத்த கிளினிக்குக்குக் காத்திராமல் டொக்டரைப் போய்ப் பாருங்கள் என்று அனுப்பினேன். கொஞ்சம் கோபத்தோடுதான் போனார். இன்னொன்று, புற்றுநோய் மருந்தில் இருப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இந்த உயிருள்ள குளிசைகளைத் தாங்களாகவே எடுக்கவே கூடாது.

நிலாவெளி அன்ரி:

பிள்ளை, தோசை மாவும் புளிக்குதுதானே? பழஞ்சோறு?

உவர்மலை மகள்:

அன்ரி, மாவைப் புளிக்க வைப்பதும் லாக்டிக் அமில பக்டீரியாதான், ஆனால் தோசைக்கல்லில் போட்டதும் செத்துவிடும். பழஞ்சோற்றில் உயிரோடு இருக்கும். அதற்காக அதைக் கொலஸ்ட்ரோல் கணக்கில் சேர்க்க வேண்டாம். பித்த அமிலத்தைப் பிடிக்கிற சாப்பாடு வேண்டுமென்றால் ஓட்ஸ் நல்லது. அதிலுள்ள பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து நாளுக்கு 3 கிராம் கிடைத்தால் எல்.டி.எல். கொஞ்சம் குறையும். அப்பாவுக்கு அதைக் காய்ச்சிக் கொடுத்துப் பார்த்தேன், மாட்டுக்கு வையுங்கோ என்கிறார்.