உப்பளத்தில் லீச்: 20 நோடும் ஒரே நாளில் செத்துப்போகின்றன, ஏன்?

உப்புவரப்பு:
வணக்கம். வாலிநோக்கம் பக்கம் சித்தப்பா அளத்தில் 20 நோடு (ரேடியோவில் தரவு அனுப்பும் சின்ன சென்சார் பெட்டி) வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு புரோ மினி (சின்ன ஆர்டுயினோ போர்டு), 865 மெகாஹெர்ட்ஸ் லோரா ரேடியோ மாட்யூல், 2600 மில்லி ஆம்பியர்-ஹவர் பேட்டரி. பாத்தியில் தண்ணீர் நிற்கிறதா வற்றிவிட்டதா என்று பார்க்க இரண்டு ஸ்டீல் கம்பி, அது போர்டின் ஏ0 என்ற அனலாக் பின்னில். லீச் அல்காரிதம் எழுதினேன்: ஒவ்வொரு சுற்றிலும் நோடுகள் ரேண்டம் எண் போட்டுத் தங்களுக்குள் தலைமையைத் தேர்ந்தெடுக்கும், தலைமை மற்றவற்றின் தரவைச் சேர்த்து அனுப்பும். தலைமை நோடு 10 சதவீதம், சுற்று அரை மணி நேரம். தலைமை மட்டும் விழித்திருக்கும், மற்றவை தங்கள் முறைக்கு எழுந்து அனுப்பிவிட்டுத் தூங்கும், எப்படியும் இரண்டு மாதம் ஓடும் என்று கணக்கு. சாயல்குடி வீட்டு மாடியில் வெறும் போர்டாக ஒரு வாரம் ஓட்டியபோது ஒரு குறையும் இல்லை. அளத்தில் வைத்தால் பத்தாம் நாள் 20ம் காலி. உப்புக்காற்று என்று நினைத்துப் பெட்டியைத் திறந்தேன், உள்ளே சுத்தமாக இருக்கிறது. "இதுக்கு நான் காலால மிதிச்சே பாத்துக்குவேன்" என்று சித்தப்பா வேறு சிரிக்கிறார்.

கருவைக்காடு:
நோடை வரப்பிலேயே வைத்திருக்கிறீர்களா? தரையோடு ஒட்டி இருந்தால் சிக்னல் போகாது, கம்பில் கட்டி ஆள் உயரத்துக்குத் தூக்குங்கள். நடுவில் கருவை மரம் இருந்தால் அதையும் பாருங்கள்.

பாம்பன்_அலை:
உயரம் நல்ல யோசனைதான், ஆனால் சிக்னல் கோளாறு என்றால் ஓரத்து நோடுகள்தானே முதலில் தடுமாறும்? எல்லாம் சேர்ந்து போகிறது என்றால் எல்லாம் ஒரே தப்பைச் செய்கின்றன. தம்பி, இரண்டு விஷயம் சொல்லுங்கள். தரவை வாங்கும் கேட்வேயில் அது எப்போது வந்தது? ரேண்டம்சீட், அதாவது ரேண்டம் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண், எதிலிருந்து எடுக்கிறீர்கள்?

உப்புவரப்பு:
ஐந்து மணி நேரத்துக்கு ஒரு தடவை எல்லாம் முட்டிமோதி வருகிறது, பக்கத்திலுள்ள ஒன்றிரண்டு மட்டும் தேறும். இன்னொரு சுற்றில் ஒழுங்காக வருகிறது. மற்ற எட்டுச் சுற்றும் அமைதி. சீட் வழக்கம்போல ஏ0-வின் அனலாக்ரீட், அதாவது அந்தப் பின்னில் படிக்கும் அளவு.

பாம்பன்_அலை:
அதேதான். உப்புத்தண்ணீரில் நிற்கும் கம்பி நன்றாகக் கடத்தும், அளவு உச்சமான 1023-ல் முட்டி நிற்கும். நனைந்த பாத்திகளில் எல்லாம் ஒரே சீட், ஆகவே ஒரே ரேண்டம் வரிசை. வற்றிய பாத்திகளில் எல்லாம் 0, அவை இன்னொரு கூட்டம். வீட்டில் கம்பி இல்லாமல் பின் அந்தரத்தில் தொங்கியது, இரைச்சல் ஒவ்வொன்றிலும் வேறு வேறு, அதனால்தான் அங்கே ஓடியது.

லீச்சில் ஒரு தடவை தலைமை ஆன நோடு அந்தப் பத்துச் சுற்று முடியும்வரை மறுபடி ஆகாது. நனைந்த கூட்டம் மொத்தமும் ஒரு சுற்றில் தலைவர்கள், மோதல் அங்கேதான். வற்றிய கூட்டம் இன்னொரு சுற்றில், அதில் நோடு கொஞ்சம்தான் போல, மோதல் இல்லை, அது உங்கள் நல்ல சுற்று. மிச்சம் எட்டில் தலைவரே கிடையாது! அப்போது உங்கள் நோடு என்ன செய்யும்? தலைவரின் அறிவிப்பு வரும் வரும் என்று ரிசீவரைத் திறந்துவைத்துக் காத்திருக்கும். லோரா கேட்பதற்கே 12 மில்லி ஆம்பியர் பக்கம் தின்னும். 2600-ஐ 12-ஆல் வகுங்கள், 216 மணி, அதாவது 9 நாள். நல்ல சுற்றில் கொஞ்சம் தூங்கியதால் பத்தாம் நாள்வரை தாங்கியது.

சீட்டை நோடு எண்ணிலிருந்து எடுங்கள். அதைவிட முக்கியம், அறிவிப்பு 2 விநாடிக்குள் வரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். நோடு எண் எத்தனையோ அத்தனை விநாடி தள்ளி கேட்வேக்கு நேராக அனுப்பிவிட்டுத் தூங்கட்டும்.

கருவைக்காடு:
நேராகவே கேட்வேயைத் தொடும் என்றால் லீச் எதற்கு? 20 நோடுக்கு அது அதிகப்படி.

பாம்பன்_அலை:
சரியான கேள்வி. 2000-த்தில் ஹைன்ஸல்மன் குழு லீச்சை வெளியிட்டபோது எல்லா நோடும் தளத்தை (உங்கள் கேட்வே மாதிரி) எட்டும், தொடக்கத்தில் எல்லாவற்றிலும் சம ஆற்றல் இருக்கும் என்றுதான் வைத்துக்கொண்டார்கள். மிச்ச பேட்டரியை அது பார்ப்பதே இல்லை. 2004-ல் வந்த ஹீட் என்ற இன்னொரு அல்காரிதம் அதைப் பார்க்கிறது. இந்த ஒரு அளத்துக்கு நானாக இருந்தால் கூட்டமே சேர்க்க மாட்டேன், ஆளுக்கொரு நேரம் ஒதுக்கி நேராக அனுப்பவிடுவேன். பக்கத்து அளங்களையும் சேர்ப்பதாக இருந்தால் ஹீட் மாதிரி.

உப்புவரப்பு:
பக்கத்து அளத்தையும் சேர்க்கும் ஆசை இருப்பதால் லீச்சை விடவில்லை, சீட்டையும் காத்திருப்பையும் மட்டும் மாற்றினேன். இன்றோடு 14 நாள், ஒரு நோடும் சாகவில்லை, எல்லாம் 4 வோல்ட் பக்கம். ஆனால் ஒரு கம்பி பாதி கரைந்துபோயிருக்கிறது அண்ணே.

பாம்பன்_அலை:
கம்பிக்கு எப்போதும் மின்சாரம் போகிறதல்லவா, உப்புநீரில் அது அரித்துக்கொண்டே இருக்கும். ஒரு டிஜிட்டல் பின்னிலிருந்து கொடுத்து, அளக்கும் அந்த நொடி மட்டும் ஆன் செய்யுங்கள்.