நெய் ஊற்றாமல் பிடித்த உருண்டை

பள்ளத்தூரிலிருந்து:

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் கல்யாணப் பலகாரம் என்றால் மணகோலம், அதிரசம், சீப்புச் சீடை, கைமுறுக்கு, மாவுருண்டை என்று டின் டின்னாக அடுக்குவார்கள். என் ஆத்தா இந்த வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆத்தாவுக்குப் பிறகு இருபது வருஷமாக நான் போகிறேன். மாவுருண்டைக்குப் பாசிப்பருப்பை வறுத்துத் திரித்து, சீனி கலந்து, கொதிக்கிற நெய்யை ஊற்றி, சூடு ஆறுவதற்குள் பிடித்துவிட வேண்டும். ஆறிவிட்டால் மாவு உதிரும், பிடிபடாது. உருண்டை நிற்பதே நெய்யால்தான் என்று கைக்குப் பழகிப்போயிருந்தது.

போன தையில் எங்கள் ஊரில் ஒரு கல்யாணம். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு, கல்யாணத்துக்காகத் திறந்து சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அந்த வீட்டு ஆச்சி என்னை இரண்டாம் கட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: "சிங்கப்பூர்லேர்ந்து பேரன் வர்றான். பால், தயிர், நெய், தேன் எதையும் தொடமாட்டான். வீகனாம். எல்லாரும் பலகார ஓலைக்கொட்டானை வாங்கும்போது அவன் மட்டும் வெறுங்கையோட நிக்கக்கூடாது. அவன் சாப்பிடுற மாதிரி ஏதாச்சும் ஒண்ணு உருட்டிக் குடு ஆத்தா."

முதலில் நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் ஊற்றி மாவுருண்டையே பிடித்தேன். விடியற்காலைக் குளிரில் கல் மாதிரி நின்றது. வெயில் ஏறியதும் தட்டில் எண்ணெய் கசிந்து, ஒவ்வொரு உருண்டையும் அடிப்பக்கம் தட்டையாக உட்கார்ந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியைத் தாண்டினால் இளகிவிடும், எங்கள் ஊரில் அது காலை எட்டு மணி வரைக்கும்தான் தாங்கும். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகளிடம் புலம்பினேன். "அம்மா, பேரீச்சம்பழத்தையும் பாதாம், முந்திரி மாதிரிப் பருப்புகளையும் அரைச்சு உருட்டுங்க, பாகும் வேண்டாம் நெய்யும் வேண்டாம்" என்றாள்.

கேட்க லேசாக இருந்தது. கடையில் வாங்கிய பேரீச்சை காய்ந்து கிடந்ததால் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப் போட்டேன். அரைத்து எடுத்தால் களி. எவ்வளவு முந்திரி கொட்டியும் உருண்டை ஆகவில்லை. அடுத்த தடவை ஊறவே போடாமல் மொத்தத்தையும் மிக்ஸியில் போட்டேன். பிளேடைச் சுற்றிப் பந்தாக ஒட்டிக்கொண்டு மோட்டார் நின்றுவிட்டது. கருகல் வாடை. மிக்ஸிக்கு அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் திரும்ப ஓடும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது, அதுவும் அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகு.

மூன்றாவது தடவை சரியாக வந்தது. அதை விவரமாகச் சொல்கிறேன், செய்து பார்க்கிறவர்களுக்கு என் இரண்டு நாள் மிச்சமாகட்டும்.

கொட்டை நீக்கிய பேரீச்சை 250 கிராம், பாதாம் 100, முந்திரி 100, வெள்ளை எள் 50. ஏலக்காய் நாலு, உப்பு ஒரு சிட்டிகை. உப்பை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் வெறும் தித்திப்பு மட்டும் நாக்கில் நிற்கிறது. கொட்டை நீக்கியது என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலும் ஒவ்வொரு பழத்தையும் விரலால் பிளந்து பாருங்கள். அரைக் கிலோவில் எனக்கு இரண்டு கொட்டை அகப்பட்டது. ஒரு பழத்துக்குள் கறுப்புப் பொடியாகப் பூஞ்சை இருந்தது, வெளியே தோல் பளபளவென்று இருந்தும்.

பழம் மெத்தென்று இருந்தால் ஊறவே வேண்டாம். காய்ந்திருந்தால் வெந்நீரில் பத்து நிமிஷம். வடிகட்டி, துணியில் பரப்பி, கையில் ஈரம் ஒட்டாத வரைக்கும் உலரவிட வேண்டும். பாதாம், முந்திரி, எள் மூன்றையும் தனித்தனியாக வெறும் வாணலியில் இளந்தீயில் புரட்டினேன். அடுப்பே பற்ற வைக்காமலும் செய்யலாம், மகள் அப்படித்தான் செய்கிறாள். வறுத்தால் வாசனை வேறு, நமுத்தும் போகாது. வறுத்தால் முழுக்க ஆறவிட்டுத்தான் அரைக்க வேண்டும். சூட்டோடு அரைத்தால் பருப்பு எண்ணெய் விட்டு விழுதாகிவிடும். மிக்ஸியைத் தொடர்ந்து ஓடவிடாமல் விட்டு விட்டுத் திருப்புங்கள். ரவை பதத்தில் முக்கால் பங்கு, பல்லில் கடிபடுகிற மாதிரி கால் பங்கு. எள் அரைக்க வேண்டாம், பாதியை உள்ளே கலந்து பாதியை மேலே புரட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

பேரீச்சையை நாலு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கோடும் இரண்டு கரண்டி பருப்புத் தூள் சேர்த்து அரைத்தால் பிளேடில் ஒட்டாது. பிறகு எல்லாவற்றையும் தாம்பாளத்தில் கொட்டிக் கையால் பிசைய வேண்டும். இந்த இடத்தில்தான் எனக்கு மனசு நிறைந்தது. ஒரு பிடி எடுத்து அமுக்கினேன். விரல் தடம் அப்படியே பதிந்தது, விரிசல் இல்லை, உள்ளங்கையில் லேசாக ஒரு மினுமினுப்பு மட்டும் நின்றது. மாவுருண்டைக்கு நெய் போதும் என்று எந்தப் பதத்தில் நிறுத்துவேனோ அதே பதம். நெய் செய்கிற வேலையைப் பழத்தின் பசையும் முந்திரியின் எண்ணெயும் சேர்ந்து செய்கின்றன. உதிர்ந்தால் இன்னும் ஒரு பழம், ஒட்டினால் பொட்டுக்கடலை மாவு ஒரு கரண்டி. கையில் தண்ணீர் தொட்டு மட்டும் உருட்டாதீர்கள், ஈரம் பட்டால் சீக்கிரம் கெட்டுவிடும். ஒரு சொட்டு நல்லெண்ணெய் போதும். நெல்லிக்காய் அளவில் 24 வந்தது.

அந்தப் பையன் கொட்டானைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல நெய் இருக்கா அக்கா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். ஒவ்வொரு சாமானாகச் சொன்னேன். வளவு முற்றத்துத் தூணில் சாய்ந்து நின்றபடியே மூன்று சாப்பிட்டான். ஆனால் அன்றைக்கு அதிகம் கேட்டு வாங்கியது அவனுடைய கொள்ளுப்பாட்டி, பல் இல்லாத பெரிய ஆச்சி. அவருக்காகப் பருப்பை நைசாக அரைத்து, ஊறிய அத்திப்பழம் இரண்டு சேர்த்துத் தனியாக உருட்டினேன். வாயில் ஒதுக்கிக் கரையவிட்டுக்கொண்டே, "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்னு தெருவுல கூவுவான்ல, கட்டியா ஒட்டிக்கிட்டு இருக்கும், அந்தப் பழ ருசி வருது" என்றார்.

காரைக்குடியிலிருந்து:

அக்கா சொன்ன அளவில் செய்தேன், கச்சிதமாக வந்தது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். "சீனி போடலை" என்று சொல்லி எங்கள் அப்பாவுக்கு முன்னால் தட்டை வைத்துவிட்டேன். அவர் சர்க்கரை நோய்க்காரர். டிவி பார்த்துக்கொண்டே ஆறு உருண்டை சாப்பிட்டுவிட்டார். சாயங்காலம் வீட்டு மீட்டரில் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. பேரீச்சையின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான், சீனி டப்பாவைத் திறக்காததால் அது இல்லாமல் போகாது. இப்போது அவருக்கென்று பழத்தைக் குறைத்து எள்ளும் பாதாமும் கூட்டி, கோலிக்குண்டு அளவில் உருட்டுகிறேன். அதையும் டாக்டரிடம் கேட்ட பிறகுதான், ஒரு நாளைக்கு ஒன்று.

தேவகோட்டை, இப்போது சென்னை ஹாஸ்டலில்:

மிக்ஸி இல்லாதவர்களுக்காக எழுதுகிறேன். பாதாம், முந்திரி வாங்கக் கட்டுப்படியாகாது. வறுத்த நிலக்கடலையைத் தோல் நீக்கி, கெட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, தண்ணீர் பாட்டிலால் உருட்டிப் பொடித்தேன். பேரீச்சையைக் கத்தியால் பொடியாக நறுக்கி, அதோடு ஒரு கைப்பிடி உலர்திராட்சையும் நறுக்கி, பத்து நிமிஷம் பிசைந்தால் பிடிபடுகிறது. எங்கள் அப்பத்தா எள்ளையும் கருப்பட்டியையும் உரலில் போட்டு இடித்து உருட்டித் தரும். அதில் நெய்யும் கிடையாது, பாலும் கிடையாது. ஹாஸ்டலில் வீகன் தோழிக்கு அதைத்தான் முதலில் கொடுத்தேன். அவளுக்கு அப்பத்தாவை நேரில் பார்க்க வேண்டுமாம்.

புதுக்கோட்டையிலிருந்து:

முந்திரிக்கு ஒரு வழி சொல்கிறேன். தஞ்சாவூர் ரோட்டில் ஆதனக்கோட்டையில் சாலையோரமாகவே முந்திரிக்கொட்டையைச் சுட்டு உடைத்து விற்பார்கள். லேசான புகை வாசனை இருக்கும், பேரீச்சைத் தித்திப்போடு அது நன்றாகச் சேர்கிறது. வறுக்கவும் வேண்டியதில்லை. உடைந்த முந்திரியாகக் கேட்டு வாங்குங்கள், அரைக்கப் போவதற்கு முழுசு எதற்கு? சிலர் சமைக்காத பச்சை முந்திரிதான் வேண்டும் என்று தேடுகிறார்கள். முந்திரி ஓட்டில் இருக்கிற எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும், அதனால் சுட்டோ ஆவியில் வேகவைத்தோதான் உடைக்கிறார்கள். பச்சை என்று விற்பதும் பெரும்பாலும் சூடு கண்டதுதான்.

கானாடுகாத்தானிலிருந்து:

என் மகனுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. குடித்தால் உடம்பெல்லாம் தடித்துவிடும். ஒரு கடையில் "வீகன் லட்டு" என்று எழுதி வைத்திருந்ததை நம்பி வாங்கிக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் உதடு வீங்கிவிட்டது, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் பால் பவுடர். அன்றையிலிருந்து வீட்டில்தான் உருட்டுகிறேன். கல்யாண வீட்டில் வைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பக்கத்தில் ஒரு அட்டையில் என்னென்ன பருப்பு சேர்ந்திருக்கிறது என்று எழுதி வையுங்கள். என் மகனுக்குப் பால் மாதிரி, இன்னொரு பிள்ளைக்கு முந்திரியோ கடலையோ ஆகாமல் இருக்கும். சின்னக் குழந்தைகளுக்குக் கடிபடுகிற துண்டு இல்லாமல் நைசாக அரைத்ததுதான். தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

பள்ளத்தூரிலிருந்து மறுபடியும்:

கானாடுகாத்தான் தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கல்யாணத்தில் நான் அட்டை எதுவும் வைக்கவில்லை. கேட்டவர்களுக்கு வாயால் சொன்னேன், அவ்வளவுதான். இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்கு முதல் தடவை உருட்டியது மாவுருண்டைக்கு நெய் ஊற்றிய அதே தாம்பாளத்தில். கழுவித்தான் எடுத்தேன். ஆனாலும் பால் ஆகாத பிள்ளை ஒன்று அங்கே இருந்திருந்தால்?

இப்போது இதற்கென்று ஒரு எவர்சில்வர் தாம்பாளம், ஒரு சின்ன மிக்ஸி ஜாடி தனியாக வாங்கி, அடியில் பெயின்டால் பச்சைப் புள்ளி வைத்திருக்கிறேன். வெளியே நாலு நாளுக்கு மேல் வைப்பதில்லை, ஃப்ரிட்ஜில் என்றால் இரண்டு வாரம். கொட்டானில் அடுக்கும்போது வாழையிலை போடாதீர்கள், இலையின் ஈரம் உருண்டையில் இறங்குகிறது. வெண்ணெய்த் தாள் வெட்டிப் போடுகிறேன். வைகாசியில் கோட்டையூரில் ஒரு கல்யாணம், 200 உருண்டை கேட்டிருக்கிறார்கள். அட்டையை மகள் எழுதி அனுப்புகிறேன் என்றிருக்கிறாள்: பேரீச்சை, பாதாம், முந்திரி, எள், ஏலம், உப்பு, நல்லெண்ணெய்.