நாலு நாசில் வைத்த தண்ணீர் டிராக்டர்: பெங்களூரில் கண்ட பழைய வண்டிகள்

வர்த்தூர் வாசி:

போன ஜனவரி, காலை ஆறரை மணி. எங்கள் அப்பார்ட்மென்ட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் டிராக்டர் கேட்டுக்கு வெளியே நின்றது. சிவப்பு பெயின்ட், பானெட்டில் 1035 என்று ஸ்டிக்கர், அதாவது டாஃபே கம்பெனியின் மாசி பெர்குசன் மாடல். இப்படி எத்தனையோ வண்டி பார்த்தாயிற்று, நானும் தாண்டித்தான் போனேன். அதற்குள் டிரைவர் ஒரு குச்சியில் பழைய துணியைச் சுற்றி, டீசலில் நனைத்து, கொளுத்தி, ஏர் கிளீனர் வாயில் பிடித்தார். சீட்டில் இருந்த பையன் செல்ஃப் அடித்தான். தீ நாக்கு வளைந்து உள்ளே போனது. வெள்ளையாகப் புகை கக்கிவிட்டு வண்டி எழுந்தது.

அந்தச் சத்தம்தான் என்னைத் திருப்பியது. எங்கள் வீட்டில் இருபது வருஷம் 1035 ஓடியது. மூன்று சிலிண்டர் சிம்ப்சன் இஞ்சின், ஐட்லிங்கில் ஒரு தாளம் விட்டு விட்டு வரும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவேன். இது அந்தத் தாளம் இல்லை. குனிந்து டீசல் நாசில்களை எண்ணினேன், சிலிண்டருக்கு ஒன்று: நாலு நாசில். டாஷ்போர்டில் கம்பெனியின் சீரியல் நம்பர் தகடு இருக்க வேண்டிய இடத்தில் ரிவெட் ஓட்டைகள் மட்டும்.

டிரைவர் தர்மபுரிக்காரர். "அண்ணே, இதுக்கு நெருப்புக் காட்டினாத்தான் எழுந்திருக்கும், முதலாளி வாங்கின நாள்லேருந்து இப்படித்தான்" என்றார். அவரிடம் கேட்டுக்கொண்டு மட்கார்டு ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். சிவப்பு, அதன் கீழே ஒரு நீலம், அதற்கும் கீழே சாம்பல். இஞ்சின் பக்கம் செல்ஃப் மோட்டாருக்கு அடியில், யாருமே பிரஷ் விடாத மூலையில், செம்பு நிறம்.

தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். உடம்பு சாம்பல், இஞ்சின் செம்பு: 1956 இல் வந்த பெர்குசன் 35. உள்ளே ஸ்டாண்டர்டு கம்பெனியின் 23சி என்ற நாலு சிலிண்டர் டீசல் இஞ்சின். குளிரில் எழுந்திருக்க மறுப்பதற்கே பேர் போனது. 1959 இல் மாசி பெர்குசன் பெர்கின்ஸ் கம்பெனியை வாங்கிய பிறகுதான் 35 க்கு மூன்று சிலிண்டர் வந்தது. நம் சென்னையில் டாஃபே தொடங்கியதே 1960 இல். அப்படியானால் இது கப்பலில் வந்த வண்டி. அன்று கையில் போன் இருந்தும் படம் எடுக்கவில்லை, ஆபீஸ் கேப் வந்துவிட்டது. அடுத்த வாரம் வேறு டிராக்டர் தண்ணீர் கொண்டுவந்தது. இன்றுவரை மனசு ஆறவில்லை.

கோலார் பேரன்:

என்னுடையது தேவனஹள்ளி தாண்டி ஒரு ரிசார்ட்டில். வளைகாப்புக்குப் போயிருந்தோம். புல்தரையில் போட்டோ எடுக்க ஒரு சின்ன டிராக்டரை நிறுத்தியிருந்தார்கள், பளபளவென்று சிவப்பு அடித்து. ஆனால் உருவம் பெர்குசன் கம்பெனியின் பழைய டிஇ20 மாடல். அது பிறந்தது சாம்பல் நிறத்தில், இங்கிலாந்தில் கவென்ட்ரியில், 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். சிவப்பு அதற்கு உரியதே இல்லை.

மானேஜர் நல்ல மனிதர், புது பேட்டரி கூட வாங்கிப் போட்டிருந்தார். "ஸ்டார்ட்டர் பட்டனை யாரோ கழற்றிவிட்டார்கள் சார், அதுதான் ஓடவில்லை" என்றார். நானும் அவரும் அரைமணி நேரம் பட்டனைத் தேடினோம். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஹோஸைக் கீழே வைத்துவிட்டு வந்தார். கே.ஜி.எஃப். பக்கத்துத் தமிழர், எழுபது வயது இருக்கும். எதுவும் பேசவில்லை. ஸ்விட்சைப் போட்டார், கியர் லீவரைப் பிடித்து எஸ் என்று போட்டிருக்கும் பக்கம் தள்ளினார். இஞ்சின் சுற்றியது! டிஇ20 இல் கியர் லீவர்தான் ஸ்டார்ட்டர். லீவர் கியரில் இருக்கும்போது வண்டி தவறிக்கூட ஸ்டார்ட் ஆகாது, அதற்காகவே அப்படிச் செய்தது.

"சின்னப் பையனா எஸ்டேட்ல ஓட்டினேன் தம்பி, கை மறக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு ஹோஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கை என் கண்ணிலேயே நிற்கிறது. எந்த எஸ்டேட், எந்த வருஷம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆனேக்கல் பட்டறை:

வர்த்தூர் அண்ணன் மன்னிக்கணும். நாலு நாசில் என்றதும் 23சி என்று முடிவு கட்டுவது அவசரம். எங்கள் பட்டறைக்கு வரும் பழைய வண்டியில் பாதி வேறு இஞ்சின் ஏற்றியதுதான். நடுவில் ஒரு பிளேட் வெட்டி வைத்து, கிளட்ச் ஹவுசிங்கோடு சேர்த்துவிடுவார்கள். வண்டியின் வயதைப் பெயின்ட்டோ ஸ்டிக்கரோ ஆர்.சி. புக்கோ சொல்லாது, இரும்பு வார்ப்பில் இருக்கும் குறி சொல்லும்.

என் அனுபவம் சின்னதுதான். சர்ஜாபூர் பக்கம் ஒருவர் ஃபோர்டு 3000 விற்றார், 1965 மாடல் என்றார். ஸ்டார்ட்டருக்கு மேலே இருக்கும் தட்டையான இடத்தை டீசல் துணியால் துடைத்தேன். 5சி12 என்று தேதிக் குறி வந்தது. முதல் எண் வருஷத்தின் கடைசி இலக்கம், எழுத்து மாதம், சி என்றால் மார்ச், அப்புறம் தேதி. (ஐ எழுத்தை விட்டுவிடுவார்கள், எம் என்றால் டிசம்பர்.) அவருக்கு ஒரே சந்தோஷம், "பாருங்க, 65!" என்றார். ஆனால் 3000 மாடல் 1965 முதல் 1975 வரை வந்தது. அந்த 5 இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். இந்தியாவில் ஃபரிதாபாத்தில் அதைச் செய்யத் தொடங்கியது 1971 இல். நான் 75 என்றேன். அவர் முகம் வாடிப்போனது. வண்டியையும் எனக்குத் தரவில்லை.

அப்புறம் அந்த நெருப்பு வைத்தியம். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், செய்யாதீர்கள். ஏர் கிளீனர் அடியில் ஆயில் கிண்ணம் இருக்கிறது, பக்கத்தில் டீசல் டேங்க். எழுந்திருக்காத வண்டிக்கு முதலில் கம்ப்ரஷன் பாருங்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் நெருப்பு என்ன, சூரியனையே காட்டினாலும் ஒருநாள் நின்றுவிடும். கம்ப்ரஷன் சரி என்றால் டீசல் லைனில் மாட்டிய ஏரை எடுங்கள். ஃபில்டர் ஸ்க்ரூவில் தொடங்கி, பம்புக்கு வந்து, கடைசியில் நாசில் பைப்பின் நட்டைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் டீசல் வரும்வரை இஞ்சினைச் சுற்றுங்கள். இந்த வரிசையை மாற்றினால் காற்று மறுபடி உள்ளே மாட்டும்.

வருஷக்கணக்கில் நின்ற வண்டியைக் கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் பண்ணவே கூடாது. நாசில்களைக் கழற்றி, சிலிண்டருக்குள் மெல்லிய ஆயில் விட்டு, நாலு நாள் காத்திருந்து, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பின்பக்க ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பெர்குசன் வண்டியில் கியருக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட்டுக்கும் ஒரே ஆயில். மோர் மாதிரி வெளுத்திருந்தால் கியர் லீவர் ரப்பர் கிழிந்து மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். மில்லிமீட்டர் ஸ்பானரை எடுக்கவே எடுக்காதீர்கள், இந்த வண்டிகளுக்கு இன்ச் ஸ்பானர்தான். நட்டு ஒருமுறை உருண்டால் உருண்டதுதான்.

கோலார் தம்பி, அந்த ரிசார்ட் பேட்டரியை எப்படி மாட்டியிருந்தார்கள் என்று பார்த்தீர்களா? டிஇ20 க்கு பிளஸ்தான் பாடிக்கு. இன்றைய எலெக்ட்ரீஷியன் பழக்கத்தில் மைனஸை மாட்டிவிடுவார். செல்ஃப் சுற்றும், ஆனால் டைனமோவையும் பேட்டரியையும் சேர்த்துப் பிரிக்கும் கட்-அவுட் கருகிவிடும்.

ஒசூர் மகள்:

எங்களுடையது அப்பாவின் பி-275. நான் ஒயிட்ஃபீல்டில் இருக்கிறேன், வண்டி ஒசூர் தோட்டத்தில் தென்னை நிழலில். இங்கிலாந்தில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி செய்த வண்டி, இங்கே மகேந்திரா 1963 க்குப் பிறகு பம்பாய் கண்டிவலியில் செய்தது.

காலையில் இஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் ஸ்விட்சைப் பிடித்துக்கொண்டு "முப்பது எண்ணு பாப்பா" என்பார் அப்பா. நான் எண்ணுவேன். இருபதிலேயே விட்டால் எழுந்திருக்காது. போன தையில், அவர் போய் மூன்று வருஷம் கழித்து, மெக்கானிக்கை வைத்து ஸ்டார்ட் பண்ணப் பார்த்தோம். அந்தப் பையன் ஸ்விட்சை அஞ்சு செகண்டு பிடித்துவிட்டுச் செல்ஃப் அடித்தான். பத்து தடவை. பேட்டரி இறங்கிப்போச்சு. "இஞ்சின் போயிடுச்சு அக்கா, எடைக்குப் போடுங்க" என்றான்.

சாயங்காலம் கார் பேட்டரியைக் கொண்டுவந்து வைத்து, நானே உட்கார்ந்தேன். வாய்விட்டு முப்பது எண்ணினேன். இருபத்தெட்டில் என் குரல் நின்றுவிட்டது, ஆனாலும் கையை விடவில்லை. செல்ஃப் அடித்ததும் இரண்டாவது சுற்றிலேயே எழுந்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்கள்.

பட்டறை அண்ணா, உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் இதற்கு ஹீட்டர் பிளக் தேடி மூன்று சனிக்கிழமை அலைந்துவிட்டேன். நாலில் ஒன்று எரியவில்லை.

ஆனேக்கல் பட்டறை:

பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள் தங்கச்சி. பேர் சொல்லிக் கேட்டால் வேறு வண்டிக்கு உள்ளதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மரை, நீளம், முனை, வோல்ட் நாலும் ஒத்துப்போக வேண்டும். முதலில் நாலையும் ஒவ்வொன்றாக டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள், வரிசையாக இணைத்திருந்தால் ஒன்று போனாலே மொத்தமும் போகும். உங்களுக்கு மூன்று எரிகிறது என்றால் வயரிங்கை யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

கோலார் பேரன்:

பேட்டரியைப் பார்க்கவில்லை அண்ணா. நீங்கள் சொன்னதும் மானேஜருக்குப் போன் போட்டேன். மைனஸ்தான் பாடியில் இருக்கிறதாம். கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

வர்த்தூர் வாசி:

பட்டறைக்காரரே, நடுவில் பிளேட் எதுவும் இல்லை. செம்பு நிறம் இஞ்சினில் மட்டும் இல்லை, கியர்பாக்ஸிலும் இருந்தது. வேறு வண்டியின் இஞ்சினை ஏற்றியிருந்தால் இரண்டிலும் ஒரே நிறம் எப்படி வரும்?

போன மாதம் அந்த தர்மபுரி டிரைவரைக் கண்டுபிடித்தேன். வண்டியை ஹொசக்கோட்டை ரோட்டில் ஒரு காயலான் கடைக்குத் தள்ளிவிட்டார்களாம். போனேன். இஞ்சின் உருக்கப் போய்விட்டது. சக்கரம் இல்லை. கியர்பாக்ஸின் மேல்மூடி மட்டும், இரண்டு லீவரும் அப்படியே நிற்க, டயர் குவியலுக்கு அடியில் கிடந்தது. கிலோ கணக்கில் எடை போட்டு வாங்கி வந்தேன். பால்கனியில் வைத்திருக்கிறேன். கம்பி பிரஷ் போடவில்லை, கழுவவும் இல்லை. அடிப்பக்கம் ஒரு வார்ப்பு எண் பாதி தெரிகிறது, மீதியை கிரீஸ் மூடியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆனேக்கல் கொண்டுவருகிறேன். டீசல் துணி உங்களுடையது, துடைக்கிற கை என்னுடையது.